திண்ணையே ஆபீஸாக இருந்த காலம்

2020ல் ஊரடங்கு வந்தபோது, சென்னையிலும் பெங்களூரிலும் கம்ப்யூட்டர் கம்பெனிகளில் இருந்த நம்ம பக்கத்துப் பிள்ளைகள் இ-பாஸ் வாங்கிக்கொண்டு ஒவ்வொருவராக ஊர் வந்து சேர்ந்தார்கள். கூடத்தில் ஒரு மேஜை, காதில் ஒரு கருவி, எதிரே ஒரு லேப்டாப். தெருவில் அதுவே பேச்சாக இருந்தது. வீட்டில் உட்கார்ந்தபடியே சம்பளமாம், இப்படி ஒரு காலம் வரும் என்று யார் கண்டது என்று பெரியவர்களே சொன்னார்கள். 1973ல் அமெரிக்காவில் ஜாக் நில்லஸ் என்பவர் இதற்கு ‘டெலிகம்யூட்டிங்’ என்று பெயர் வைத்தார், அதிலிருந்துதான் எல்லாம் ஆரம்பம் என்று பத்திரிகைகள் எழுதின.

பெயர் வேண்டுமானால் அப்போது வந்திருக்கலாம். தஞ்சை ஜில்லாவில் வீட்டிலிருந்தே வேலை பார்த்தவர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். கர்ணம் வீட்டில் இருந்துதான் ஊர்க் கணக்கு எழுதினார். கிளை போஸ்ட் மாஸ்டர் தன் வீட்டு ரேழியில்தான் தபால் ஆபீஸ் நடத்தினார். திருபுவனத்திலும் அய்யம்பேட்டையிலும் தாராசுரத்திலும் நெசவாளி தன் வீட்டுக் கூடத்தில்தான் குழி தோண்டித் தறி போட்டார். இந்த மூன்று பேருக்கும் வீட்டு வேலையால் என்ன கிடைத்தது, என்ன போயிற்று என்று பார்த்தால் இன்றைய பிள்ளைகளுக்கும் கொஞ்சம் உதவும் என்று நினைத்து இதை எழுதுகிறேன். நான் தாலுகா ஆபீஸில் காலம் தள்ளியவன் என்பதால் கர்ணத்தைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே எழுதிவிடுவேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஊர்க் கணக்கு என்பது நேற்று வந்த வேலை இல்லை. சோழர் காலக் கல்வெட்டுகளின் முடிவிலேயே ஊர்க் கரணத்தான் எழுத்து என்று கையெழுத்து இருப்பதைக் காணலாம். 1799ல் தஞ்சை ராஜ்யம் கும்பெனியார் கைக்குப் போன பிறகும் அந்த ஆளை அவர்கள் மாற்றவில்லை. மாற்ற முடியவில்லை என்பதுதான் சரி. எந்த நிலம் யாருடையது, எந்த வாய்க்காலில் எத்தனை மடை, எது நஞ்சை எது புஞ்சை என்பதெல்லாம் அவர் தலையிலும் அவர் வீட்டுப் பெட்டியிலும்தான் இருந்தன. 1895ல் சென்னை மாகாணத்தில் ஒரு சட்டம் போட்டு, பரம்பரை வேலை என்பதை எழுத்திலேயே உறுதி செய்தார்கள். அப்பா காலமானால் பிள்ளை. பிள்ளை மைனராக இருந்தால் அவன் வயதுக்கு வரும்வரை ஒரு பதிலாள். இன்றைக்கு எந்தக் கம்பெனியும் தராத வசதி!

கிராமத்தில் இரண்டு பேர் முக்கியம். வரி வசூல், பிறப்பு இறப்புப் பதிவு எல்லாம் கிராம முன்சீப். நம்ம பக்கம் பட்டாமணியார் என்போம். கணக்கு எழுதுவது கர்ணம். அடங்கல், சிட்டா, அ-பதிவேடு, புலப்படம், இவற்றோடு அளக்கிற சங்கிலி ஒன்று. இத்தனையும் எங்கே இருக்கும்? கர்ணம் வீட்டில்தான். கூடத்துப் பரணில் சிவப்புத் துணியில் கட்டிய மூட்டைகளாக இருக்கும். பசலி வருஷம் ஜூலை 1ல் பிறந்து ஜூன் 30ல் முடியும். ஜமாபந்தி நெருங்கினால் அந்த வீட்டில் ராத்திரி விளக்கு அணையாது. கையெழுத்து நன்றாக இருக்கிற பிள்ளையும் தம்பியும் அடங்கல் நகல் எடுப்பார்கள், பத்தாவது படிக்கிற பையன் கூட்டல் சரிபார்ப்பான். சர்க்கார் சம்பளம் ஒருவருக்கு, வேலை நாலு பேருக்கு. வந்தவர்களுக்கெல்லாம் மோரும் காப்பியும் கொடுத்த அம்மாள்களைக் கணக்கில் சேர்த்தால் ஐந்தாறு பேருக்கு.

கர்ணத்துக்கு இதில் லாபம் இல்லாமல் இல்லை. சம்பளம் சொற்பம்தான், ஆனால் வேலை பகுதி நேரம். காலையில் வயலுக்குப் போய் நாற்றங்காலைப் பார்த்துவிட்டு வந்து கணக்கு எழுதலாம். மேட்டூர் ஜூன் 12ல் திறந்தால் குறுவை நடவு முடிகிறவரை தன் நிலத்தையும் பார்த்துக்கொள்ளலாம், ஊர் நிலத்தையும் பார்த்து அடங்கலில் ஏற்றலாம். வயதான தாய் தகப்பனை விட்டுப் போக வேண்டியதில்லை. பஸ் பிடிக்க வேண்டாம், வெளியூரில் வாடகை வீடு வேண்டாம். ஊரில் மரியாதை.

சங்கடமும் அங்கேயேதான் இருந்தது. ஆபீஸ் என்றால் ஐந்து மணிக்குக் கதவைச் சாத்தலாம். வீட்டுத் திண்ணைக்குக் கதவு ஏது? சிட்டா நகல் கேட்டு விடியற்காலையிலும் ஆள் வரும், சாப்பாட்டு வேளையிலும் வரும். மேலதிகாரி முகாம் வந்தால் தங்க வைத்துச் சாப்பாடு போடுவதும் அவர் தலையில்தான் விழும். அந்தச் செலவை எந்த பில்லில் எழுதுவது? மழையில் ஓடு ஒழுகி ஏடு நனைந்தால் பொறுப்பு அவருடையது, ஓட்டை மாற்றுகிற செலவும் அவருடையது.

இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும். சர்க்கார் ஆபீஸ் ஒருவர் வீட்டில் இருந்தால், அந்த வீட்டுக்கு யார் வரலாம் யார் வரக்கூடாது என்பதே ஆபீஸுக்கும் விதியாகிவிடும். டெல்டா கிராமங்களில் கர்ணம் வீடு பெரும்பாலும் அக்ரஹாரத்திலோ மிராசுதார் தெருவிலோ இருந்தது. சேரியிலிருந்து வருகிறவர் அந்தத் தெருவுக்குள் நடக்கவே முடியாத காலம் இருந்தது. பிறகும் திண்ணைக்குக் கீழே நின்று பேசுகிற காலம் இருந்தது. 1969ல் குத்தகைதாரர் உரிமைப் பதிவுச் சட்டம் வந்தது. எந்த நிலத்தை யார் சாகுபடி செய்கிறார் என்று பதிய வேண்டும். பதியச் சொல்லிக் கேட்க வேண்டிய குத்தகைதாரர், நிலச் சொந்தக்காரருக்கு அடுத்த வீட்டுத் திண்ணைக்குப் போய்த்தான் கர்ணத்தைப் பார்க்க வேண்டும். எத்தனை பேர் போயிருப்பார்கள்? கர்ணத்தையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது. மிராசுதாருக்கு எதிராக ஒரு வரி எழுதிவிட்டு அதே தெருவில் அவரும் அவர் குடும்பமும் வாழ வேண்டும். ஆபீஸ் தனிக் கட்டிடத்தில் இருந்திருந்தால் அவருக்கே அது ஒரு பாதுகாப்பாக இருந்திருக்கும்.

1968ல் பரம்பரை உரிமையை எடுத்தார்கள். 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு அவசரச் சட்டம் ஒன்று கொண்டுவந்து பகுதிநேர கிராம அதிகாரிகள் பதவியையே ஒழித்தது. மாநிலம் முழுக்க இருபதாயிரம் பேருக்கு மேல். அப்போது நான் வேலைக்குச் சேர்ந்து சில வருஷம்தான் ஆகியிருந்தது. வீடு வீடாகப் போய்க் கணக்குகளைப் பட்டியல் போட்டு வாங்கி வர வேண்டும் என்று எங்களை அனுப்பினார்கள். பசலி 1390 அடங்கல் பாதி எழுதியபடி இருந்த வீடுகள் உண்டு. ஒரு பெரியவர் மூட்டைகளை எடுத்துக் கொடுத்துவிட்டு, சங்கிலியை மட்டும் துடைத்து எண்ணெய் தடவிக் கொடுத்தார். அவரிடம் பேச எங்களுக்கு வார்த்தை வரவில்லை.

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 1982ல் அரசு செய்தது செல்லும் என்று தீர்ப்பாயிற்று. குறைந்தபட்சப் படிப்பு இருந்தவர்களை வி.ஏ.ஓ. பதவிக்குப் பரிசீலிக்க வழி விட்டார்கள். மற்றவர்கள் வீட்டோடு நின்றார்கள். முப்பது வருஷம் சர்க்கார் வேலை பார்த்தேன் என்று அவர் சொல்லலாம். நீ பகுதிநேரம், உன் வீட்டில் உன் சௌகரியத்துக்குத்தானே பார்த்தாய் என்று சர்க்கார் பதில் சொல்லும். முறை மாறியது சரி என்றே நான் நினைக்கிறேன். மேலே சொன்ன திண்ணைக் காரணம் ஒன்றே போதும். ஆனால் அந்த மனிதர்களை அனுப்பிய விதம் சரியில்லை.

தபால் ஆபீஸ் கதை இன்னும் முடியாத கதை. நாட்டில் ஒன்றரை லட்சத்துக்கு மேல் தபால் ஆபீஸ் இருக்கிறது. அதில் பெரும்பாலானவை கிராமத்துக் கிளை ஆபீஸ்கள். வெள்ளைக்காரன் காலத்திலேயே இதற்கு ஒரு யுக்தி கண்டுபிடித்தார்கள். கிராமத்தில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார், இல்லையென்றால் ஒரு கடைக்காரர், அவர் இடத்திலேயே தபாலையும் பார்த்துக்கொள்ளட்டும், கொஞ்சம் படி கொடுத்தால் போதும். இலாகாவுக்குக் கட்டிடச் செலவே இல்லை. ‘இலாகா சாரா ஊழியர்’ என்று பெயர் வைத்தார்கள். இப்போது ‘கிராமின் டாக் சேவக்’. பெயர் வடக்கே போயிற்றே தவிர நிலைமை அங்கேயேதான் இருக்கிறது.

இடம் அவரே கொடுக்க வேண்டும். பிழைப்புக்கு வேறு வருமானம் இருக்க வேண்டும் என்பதும் வெகுகாலம் ஒரு நிபந்தனையாக இருந்தது. அதாவது இந்தச் சம்பளத்தில் குடும்பம் நடக்காது என்பது வேலை கொடுக்கிறவனுக்கே தெரியும். மணி ஆர்டர் பணம், சேமிப்புப் பணம் எல்லாம் வீட்டுப் பெட்டியில். ராத்திரி நாய் குரைத்தால் முழிப்பு வரும். வேலை நேரம் மூன்று, நாலு, அதிகம் போனால் ஐந்து மணி நேரம் என்று காகிதத்தில் இருக்கும். முதியோர் பென்ஷன் மணி ஆர்டர் வருகிற வாரத்தில் ஊர்க் கிழவிகளெல்லாம் காலை ஆறு மணிக்கே வாசலில் உட்கார்ந்திருப்பார்கள், அவர்களிடம் போய் நேரம் சொல்ல முடியுமா?

1977ல் கேரளாவிலிருந்து போன ராஜம்மா வழக்கில் உச்ச நீதிமன்றம், இவர்கள் வகிப்பதும் அரசுப் பதவிதான், காரணம் சொல்லாமல் வெளியே அனுப்ப முடியாது என்று தீர்ப்புச் சொன்னது. பெரிய வெற்றி. இருந்தாலும் இலாகா ஊழியருக்கு இருக்கிற பென்ஷன் இவர்களுக்கு வரவில்லை. 65 வயதுவரை வேலை பார்க்கலாம் என்பது மட்டும் கூடுதல் சலுகை. இன்றைக்கு அவர்கள் கையில் சின்ன மிஷின் ஒன்று கொடுத்திருக்கிறார்கள். சிக்னல் கிடைக்கிற இடம் தேடி மாடிப்படியில் நிற்கிற போஸ்ட் மாஸ்டரம்மாவை நான் பார்த்திருக்கிறேன்.

தறி விஷயத்துக்கு வருகிறேன். திருபுவனம் கம்பகரேசுவரர் கோயிலுக்குப் போனவர்கள் சரபரைக் கும்பிட்டுவிட்டு அப்படியே தெருவில் நடந்திருந்தால் தறிச் சத்தம் கேட்டிருக்கும். சௌராஷ்டிரர்கள் தலைமுறை தலைமுறையாக நெய்கிற ஊர். 1955ல் அங்கே பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. ‘திகோ சில்க்ஸ்’ என்றால் கல்யாண வீடுகளுக்குத் தெரியும். 2019ல் திருபுவனம் பட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. விசிறி மடிப்பாக மடித்துக் கொடுப்பார்கள், அது அந்த ஊர் அடையாளம்.

சங்கமோ முதலாளியோ பட்டும் ஜரிகையும் கொடுப்பார்கள். தறி நெசவாளி வீட்டில். புடவைக்கு இவ்வளவு என்று கூலி. மேற்பார்வை பார்க்க ஆள் இல்லை, சங்கு ஊதுவதில்லை. நாலு நாள் கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்து ராத்திரி கண் விழித்து நெய்து சரிக்கட்டலாம். உலை வைத்துவிட்டு வந்து அந்த அம்மா தார் சுற்றலாம், குழந்தை அழுதால் எழுந்து போகலாம். மில்லுக்குப் போன பெண்களுக்கு இந்தச் சௌகரியம் இல்லை. இதை யாரும் குறைத்துச் சொல்லக் கூடாது. பல பெண்கள் கையில் நாலு காசு பார்த்தது இந்த ஏற்பாட்டால்தான்.

ஆனால் ஒரு புடவைக்குப் பின்னால் எத்தனை கை என்று பாருங்கள். நெய்கிறவர் ஒருவர். தார் சுற்றுவது மனைவி அல்லது மாமியார். பாவு நீட்ட, இழை பிணைக்க இன்னும் இரண்டு மூன்று பேர். கூலிப் புத்தகத்தில் பெயர் ஒன்றுதான். 2019-20ல் மத்திய அரசு எடுத்த நான்காவது கைத்தறிக் கணக்கெடுப்பில் நாடு முழுக்க 35 லட்சம் பேருக்கு மேல் இந்தத் தொழிலில் இருப்பதாகவும், நெசவாளர்களில் நூற்றுக்கு 72 பேர் பெண்கள் என்றும் வந்தது. நெசவாளி என்றால் மீசை வைத்த ஆளின் படத்தையே போட்டுப் பழகிய நமக்கு அது புதுச் செய்தி.

பிள்ளைகள் சங்கதியும் உண்டு. 1986ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தபோது, குடும்பத்தோடு சேர்ந்து வீட்டில் செய்கிற வேலைக்கு அதில் விலக்கு இருந்தது. 2016ல் திருத்தியபோதும், பள்ளிக்கூட நேரம் போக மற்ற நேரத்தில் குடும்பத் தொழிலுக்கு உதவலாம் என்று விட்டுவைத்தார்கள். தொழிற்சாலைக்கு இன்ஸ்பெக்டர் வருவார். வீட்டுக் கூடத்துக்கு எந்த இன்ஸ்பெக்டர் வருவார்?

அப்புறம் ஐப்பசி கார்த்திகை. நம்ம மண் காவேரி வண்டல், நாலு நாள் அடைமழை பெய்தால் தறிக் குழியில் தண்ணீர் ஊறும். தெருவில் பாவு நீட்ட முடியாது. ஈரத்தில் இழை ஒத்துழைக்காது. வேலை நின்றால் கூலியும் நின்றது. மில் தொழிலாளிக்கு மழையால் மில் மூடினால் கேட்க ஒரு சட்டம், ஒரு சங்கம் இருக்கும். வீட்டில் தறி வைத்தவர் முதலாளியிடம் போய் முன்பணம் வாங்குவார். அந்த முன்பணம் தீராமல் அடுத்த முதலாளியிடம் போகவும் முடியாது. சங்கம் வந்த பிறகு இந்தக் கட்டு பல குடும்பங்களுக்குத் தளர்ந்தது. 1953ல் அண்ணா முதலானவர்கள் கைத்தறித் துணியைத் தெருத் தெருவாகச் சுமந்து விற்றது நினைவிருக்கிறவர்களுக்கு, அந்தக் காலத்தில் நெசவாளர் பட்டினி எந்த அளவில் இருந்தது என்று சொல்ல வேண்டியதில்லை.

வீட்டில் வேலை பார்க்கிறவன் தொழிலாளியா, தன் தொழில் தானே செய்கிற ஆளா? நம் கோர்ட்டுகள் இந்தக் கேள்வியைப் பலமுறை கேட்டு, பெரும்பாலும் நல்ல பதிலே சொல்லியிருக்கின்றன. 1966 பீடித் தொழிலாளர் சட்டம், இலையும் தூளும் வாங்கிப் போய் வீட்டில் சுற்றுகிற பெண்ணையும் தொழிலாளி என்றது. 1973ல் ஒரு தையல் கடை வழக்கில், துணியை வீட்டுக்கு எடுத்துப்போய்த் தைத்தாலும் அவர் கடை ஊழியர்தான் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 1985ல் வீட்டில் பீடி சுற்றுகிறவர்களுக்கும் பிராவிடண்ட் பண்டு உண்டு என்று தீர்ப்பாயிற்று. 1996ல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு வீட்டு வேலை பார்ப்பவர்களுக்கென்றே 177ஆம் உடன்படிக்கையைக் கொண்டுவந்தது. வெளியே போய் வேலை பார்ப்பவருக்கு உள்ள உரிமை இவர்களுக்கும் வேண்டும் என்பது அதன் சாரம். இந்தியா அதில் கையெழுத்துப் போடவில்லை.

இனி லேப்டாப் பிள்ளைகள். சீனாவில் ஷாங்காய் நகரத்தில் சீட்ரிப் என்ற பயண கம்பெனியில் 2010ல் ஆரம்பித்து ஒன்பது மாதம் ஒரு சோதனை செய்தார்கள். ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தின் நிக்கோலஸ் புளூம் அதில் ஒருவர். வீட்டிலிருந்து வேலை பார்த்தவர்கள் ஆபீஸில் இருந்தவர்களைவிட நூற்றுக்கு 13 பங்கு அதிகம் வேலை செய்தார்கள். ஆனால் அவ்வளவு செய்தும் பதவி உயர்வு அதற்குத் தகுந்தபடி வரவில்லை. கண்ணில் படாதவன் நினைவிலும் இல்லை. சோதனை முடிந்ததும் வீட்டில் இருந்தவர்களில் சுமார் பாதிப் பேர் ஆபீஸுக்கே வருகிறோம் என்றார்கள், தனிமை தாங்கவில்லை என்று. பின்னால் 2024ல் வெளிவந்த அதே கம்பெனி ஆராய்ச்சியில், வாரம் இரண்டு நாள் மட்டும் வீடு என்று வைத்தபோது வேலையை விட்டுப் போகிறவர்கள் மூன்றில் ஒரு பங்கு குறைந்தார்கள். முதல் சோதனையில் சேர ஒரு நிபந்தனை இருந்தது, வேலை செய்யத் தனி அறை வேண்டும்.

அந்த நிபந்தனையைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நம்ம வீடுகளில் ரேழி, கூடம், தாழ்வாரம், முற்றம் எல்லாம் உண்டு, கதவு போட்ட அறை ஒன்றே ஒன்றுதான், அதுவும் நெல் மூட்டைக்கும் பாத்திரத்துக்கும். பையன் கூடத்தில் உட்கார்ந்து அமெரிக்காக்காரனோடு பேசுகிறான், பின்னால் தாத்தா ரேடியோ, அடுப்பங்கரையில் தாளிப்பு. மருமகளுக்கும் அதே மாதிரி வேலைதான், ஆனால் அவள் கூட்டத்தில் இருக்கும்போதே காஸ் சிலிண்டர்காரருக்குக் கதவைத் திறப்பதும் அவள்தான். பையன் எழுந்து போய்த் திறந்து நான் பார்த்ததில்லை. 2020 டிசம்பரில் புரெவி புயல் மழை டெல்டாவைப் போட்டு அடித்தபோது மின்சாரம் போய், நெட் போய், மொட்டை மாடியில் குடை பிடித்துக்கொண்டு மானேஜரிடம் லீவு சொன்ன பிள்ளைகள் உண்டு. தறிக் குழியில் தண்ணீர் ஊறிய அதே ஐப்பசி கார்த்திகைதான்.

நல்லதையும் பார்த்தேன். அறுவடையை அப்பா தனியாகப் பார்த்துக்கொண்டிருந்த வீடுகளில் பிள்ளைகள் காலையில் களத்துக்குப் போய்விட்டு மத்தியானம் வேலைக்கு உட்கார்ந்தார்கள். ஆஸ்பத்திரிக்குத் துணையில்லாமல் கிடந்த கிழங்களுக்கு ஆள் இருந்தது. சென்னை வாடகை மிச்சமாகி வீட்டு ஓட்டை மாற்றினார்கள். 2024 செப்டம்பரில் தஞ்சாவூரிலேயே மினி டைடல் பூங்கா திறந்தார்கள். வீட்டில் இருந்தபடியே பஸ்ஸில் போய்வருகிற தூரத்தில் ஒரு ஆபீஸ், ஐந்தாறு மணிக்குப் பூட்டக்கூடிய கதவோடு. எனக்கு இந்த ஏற்பாடு பிடித்திருக்கிறது. கம்பெனிகள் வேண்டிய அளவு வருகின்றனவா என்று பார்க்க வேண்டும்.

வீட்டிலிருந்தே வேலை தொடர்கிற பிள்ளைகள் என்னிடம் வந்தால் நான் கேட்பது மூன்றே கேள்வி. கரண்டு பில்லும் நெட் பில்லும் யார் கட்டுகிறார்கள்? பி.எப். பிடிக்கிறார்களா, அல்லது ‘கன்சல்டன்ட்’ என்று கடிதம் கொடுத்திருக்கிறார்களா? ராத்திரி எத்தனை மணிக்குப் போனை எடுக்காமல் இருக்கலாம்? போன வாரம் ஒரு பெண் வந்திருந்தாள், கும்பகோணத்துப் பக்கம், எம்.சி.ஏ. படித்தவள். முதல் கேள்விக்கு அப்பா என்றாள். இரண்டாவதற்குக் கன்சல்டன்ட் என்றாள். மூன்றாவதற்கு அவள் பதில் சொல்வதற்குள் அவள் போன் அடித்தது, எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டாள்.